ஊசியும் பையும்

திருநங்கைகள் மார்பகச் சத்திரசிகிச்சை செய்வதைப் பற்றிக் கதைத்தால், "இதெல்லாம் தேவையா?" எண்டு கேட்கிற ஆக்கள் எங்களுக்குள்ள நிறைய. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு பதில் சொல்லும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சிலிக்கோன் திரவத்தை நேரடியாக மார்புக்குள் ஊசியால் ஏற்றினார்கள். மலிவுதான். ஆனால் அது போட்ட இடத்தில் நிற்காது. கட்டிபடும், தோலைக் கெடுக்கும், இரத்தக்குழாய்க்குள் போனால் நுரையீரலை அடைத்து ஆளையே கொல்லும்.

1962இல் ஹூஸ்டனில் தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிலிக்கோன் ஜெல்லை ஒரு பைக்குள் அடைத்து மார்பில் வைத்தார்கள். பையும் கிழியலாம், 1992 முதல் 2006 வரை அமெரிக்காவில் அதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. ஆனாலும் திரவ ஊசியின் ஆபத்து வேறு.

பெண்களுக்கு வந்த இந்தப் பை திருநங்கைகளுக்கு எளிதில் எட்டவில்லை. ஓமோன் எடுத்தால் மார்பு வளரும்; பலருக்கு அது சிறிதளவுதான். சத்திரசிகிச்சைக்குக் காசு வேணும், மனநல வைத்தியரின் கடிதம் வேணும், மனிசராய் மதிக்கிற வைத்தியசாலை வேணும். இவை கிடைக்காத அமெரிக்க, லத்தீன் அமெரிக்கத் திருநங்கைகள் பலர், உரிமம் இல்லாதவர்களிடம் பழைய ஊசியையே போட்டார்கள். தொழிற்சாலைச் சிலிக்கோன்கூட உடம்புக்குள் போனது. சிலர் செத்தும் போனார்கள். 2017இலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த ஊசி பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது.

பாதுகாப்பான வழி கண்டுபிடித்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் இதுதான் நிலை. வைத்தியசாலைக் கதவைச் சாத்தினால் தேவை இல்லாமல் போகாது. ஊசி வீட்டுக்கு வரும்.