பாடும் பங்கும்

பழவேற்காட்டைக் காண வருவோர் முதலில் கற்களையே தேடுகின்றனர். 1613-இல் ஒல்லாந்தர் கட்டிய கெல்திரியா கோட்டையின் சிதைவுகளும், எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பெற்ற அவர்களது கல்லறைத் தோட்டமும் அவர்களை ஈர்க்கின்றன. நம்மவரோ, அதற்கும் முன்னர் போர்த்துக்கீசியர் காலத்தில், 1515-இல் தோன்றிய மகிமை மாதா ஆலயத்தை நாடி வருகின்றனர். 1690 வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக விளங்கிய இத்துறையிலிருந்து கப்பலேறியவை துணிகள் மட்டுமல்ல. பஞ்சத்தாலும் போராலும் நலிந்த நம் மக்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். இவையெல்லாம் ஏடுகளில் உள்ளன.

ஆனால் ஏரிக்கரைக் குப்பங்களில் வளர்ந்த எங்களுக்கு வரலாறு கல்லில் இல்லை, நீரின்மேல் இருந்தது. அதன் பெயர் ‘பாடு’.

உவர்நீர் ஏரி எவ்வளவு பரந்ததாயினும், இறால் மிகுதியாக ஓடும் இடங்கள் சிலவே. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்துக் கழிகளை நட்டுச் சுத்துவலை கட்டுவர். வலியவரே நாள்தோறும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவர் வீட்டில் அடுப்பு எரியுமா? ஆகவே கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊராரும் தமக்குள் முறை வகுத்துக்கொண்டனர். மணமான ஆண் ஊருக்குத் தலைக்கட்டு ஆவார். தலைக்கட்டு ஆனவருக்குப் பாடு உண்டு. சீட்டெடுத்து வரிசை குறிப்பர். ஒரு நாள் வளமான இடத்தில் வலை கட்டியவர் மறுமுறை வேறிடம் செல்வார். வழிபாடு வேறாயினும் முறை ஒன்றே.

‘இன்று யார் பாடு?’ என்பதே எங்கள் இளமையில் காலைப் பேச்சாக இருந்தது. பனிக்காலத்தில் பூநாரைகள் சேற்றுத் திட்டுகளில் நிற்க, தோணிகள் கரை சேரும். கூடையின் கனத்தைக் கொண்டே அன்றைய உலையின் அளவை அன்னையர் கணித்துவிடுவர். வெறுங்கையுடன் திரும்பியவர் வீட்டிலும் நம்பிக்கை அணையவில்லை. முறை தம்மிடமும் வரும் என்பதை அவர்கள் அறிவர்.

அம்முறையைக் குறையற்றதென்று புகழ்வது உண்மையாகாது. சேற்றில் கையால் இறால் தடவும் இருளருக்கும், பிற சமூகத்தாருக்கும் அதில் இடமில்லை. ஏற்றுமதியால் இறாலின் விலை உயர்ந்தபோது அவர்களும் நீரில் உரிமை கேட்டனர், பூசல்கள் எழுந்தன. வரிசை காத்த நாங்களே பிறரை வரிசைக்கு வெளியே நிறுத்தியிருந்தோம்.

இன்று பூசலுக்குரிய நீரே சுருங்கி வருகிறது. முகத்துவாரம் மணலால் அடிக்கடி தூர்ந்து போகிறது. கடல்நீர் வந்து போகாவிடில் இறால் குஞ்சுகளும் ஏரிக்குள் வருவதில்லை. தெற்கே 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. 2004-இல் ஆழிப்பேரலை வந்தது. மாதச் சம்பளத்தை நாடி இளைஞர் பலர் சென்னைக்குச் செல்கின்றனர். அதைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அவர்களுள் எத்தனை பேர் பாட்டின் வரிசையை அறிவர்?

திருநூலில் இருவகைச் சீட்டுகளைக் காண்கிறோம். சிலுவையின் அடியில் படைவீரர் ஆண்டவருடைய அங்கிக்காகச் சீட்டுப் போட்டனர்; அது பறித்ததைப் பங்கிடும் சீட்டு. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தேர்ந்துகொள்ளத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டனர். அது பணியைப் பகிரும் சீட்டு. அவர்களுள்ளும் வலை வீசியவர்கள் இருந்தனர் அல்லவா? எங்கள் முன்னோரின் சீட்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆயினும் அது ஊர் எல்லையோடு நின்றுவிட்டது.

‘பாடு’ என்னும் சொல்லுக்குத் துன்பம் என்ற பொருளும் உண்டு. ஆண்டவருடைய திருப்பாடுகளைத் தவக்காலந்தோறும் தியானிக்கும் நாம், நம் இறைச்சமூகத்தைப் ‘பங்கு’ என்றே அழைக்கிறோம். பங்கு என்றால் பகிர்வு. ஞானஸ்நானப் பதிவேட்டைப் பேணும் நம் பங்குகள், முதியோர் நினைவில் மட்டும் வாழும் பாட்டு முறையையும் அவர்கள் மறையுமுன் எழுதி வைக்கட்டும். வரிசைக்கு வெளியே நின்றவர்களின் பெயரும் அவ்வேட்டில் இடம் பெறட்டும். ஏரியைக் காக்க எல்லாரும் ஒன்றாய் நிற்கவேண்டிய இக்காலத்தில், யாருக்குப் பங்கில்லை என்று கேட்பதே மகிமை மாதாவின் பிள்ளைகளுக்குத் தகும்.