கேப் ரே: இருப்புக் கப்பல் ஒன்றின் பணி வரலாறு

1977இல் ஜப்பானின் கவாசாகி நிறுவனம் கட்டிய 'கேப் ரே' முதலில் ஒரு வணிகக் கப்பல். லாரிகள் சாய்தளம் வழியே நேராக உள்ளே ஏறிவிடும் 'ரோ-ரோ' வகை; நீளம் ஏறத்தாழ 198 மீட்டர். 1990களில் அமெரிக்க அரசு இதை வாங்கி ஆயத்த இருப்புப் படையில் சேர்த்தது. போர் மூண்டால் தளவாடங்களைச் சுமக்க 1976இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது.

அதன்பின் கேப் ரேயின் காலம் பெரும்பாலும் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத் துறையில் கழிந்தது. ஆணை வந்தால் ஐந்து நாளுக்குள் கடலில் இறங்கவேண்டும். அதற்காக ஒரு சிறு குழு கப்பலிலேயே தங்கி எஞ்சினை ஓட்டிப் பார்க்கும், பம்புகளைச் சோதிக்கும், துருவைச் சுரண்டி வர்ணம் பூசும். எந்த ஏட்டிலும் பெரிதாக இடம்பெறாத இந்த உழைப்பைத்தான் இக்கப்பலின் முதல் சாதனையாக நான் கருதுகிறேன். 2014இல் நடந்தது அதன் விளைச்சல்.

சிரியா தன் இரசாயன ஆயுதங்களை ஒப்படைக்க 2013இல் இசைந்தது. மிகக் கொடிய பொருள்களைத் தன் மண்ணில் அழிக்க எந்த நாடும் முன்வரவில்லை, அல்பேனியாவும் மறுத்தது. ஆகவே நடுக்கடலிலேயே அழிப்பது என்று முடிவாயிற்று. லாரிகள் நிற்கும் அகன்ற தளம் கொண்ட கப்பல் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. அமெரிக்க இராணுவத்தின் எட்ஜ்வுட் ஆய்வு மையம் உருவாக்கிய இரண்டு நீராற்பகுப்புக் கருவிகளைக் கூடார அறைகளுக்குள் நிறுத்தி, காற்று வடிகட்டிகளையும் பொருத்தினார்கள். டைட்டேனியக் கலனில், சாரின் நஞ்சின் மூலப்பொருளோடு தண்ணீரும், மஸ்டர்ட் நஞ்சோடு வெந்நீரும் கலக்கப்படும். பிறகு காஸ்டிக் சோடாவால் அமிலத்தன்மை தணிக்கப்படும்.

ஜனவரி இறுதியில் புறப்பட்ட கப்பல், சரக்கு முழுமையாக வந்துசேரும்வரை ஸ்பெயினின் ரோத்தா துறையில் மாதக்கணக்கில் காத்திருந்தது. ஜூலை 2 அன்று இத்தாலியின் ஜோயா தௌரோ துறைமுகத்தில் டென்மார்க்கின் 'ஆர்க் ஃபுதூரா' கொண்டுவந்த கலன்கள் இதற்கு மாற்றப்பட்டன. பிறகு மத்தியதரைக் கடலின் சர்வதேச நீர்ப்பரப்பில் வேலை இரவுபகலாக நடந்தது. ஒரு சொட்டுக் கழிவும் கடலில் விடப்படமாட்டாது என்று உறுதி சொல்லியும் கிரீட் தீவு மக்கள் அஞ்சிப் போராடினார்கள். தங்கள் கரையை நம்பி வாழ்வோரின் அந்த அச்சத்தை மதிக்கவே வேண்டும்.

ஆகஸ்ட் 18 அன்று பணி முடிந்தது. 581 டன் சாரின் மூலப்பொருளும் சுமார் 20 டன் மஸ்டர்டும் ஆயுதமாகும் ஆற்றலை இழந்திருந்தன. எஞ்சிய திரவக் கழிவைப் பின்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் கொண்டுசென்று ஒப்படைத்துவிட்டு, செப்டம்பரில் போர்ட்ஸ்மத் திரும்பியது கேப் ரே.