ரயிலடிச் சாப்பாட்டு அறை

சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிற என் அத்தை மகன் போன மாசம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடு, சுத்திலும் மரம், உள்ளே காபிக் கடை. ‘மச்சான், இது ரயில்வேக்காரங்க குடியிருந்த வீடு. இப்ப ஓட்டலாக்கிட்டாங்க’ என்று ஒரு வரி.

அது புக்கிட் தீமா ரயில் நிலையம். 1932-ல் கட்டியது. 2011 ஜூன் 30-ந் தேதியோடு அந்தப் பாதையில் ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்தாலும் ஸ்டேஷனையும் இரும்புப் பாலத்தையும் விட்டுவைத்தார்கள். பழுது பார்த்து 2022-ல் சனங்களுக்குத் திறந்தபோது, பக்கத்தில் இருந்த ஊழியர் குடியிருப்பு காபிக் கடையானது. மலாயாவில் தோட்டத்துக்குப் போன மாதிரியே பாதை போடவும் பாதை காக்கவும் இங்கேயிருந்து சனங்கள் கப்பல் ஏறிப் போனார்கள். அதில் சேரிச் சனம் கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே அந்தப் போட்டோவில் என் அத்தை மகன் உட்கார்ந்திருந்தது எனக்கு ஒரு மாதிரி நெருக்கமாகத்தான் பட்டது.

ராஜபாளையத்தில் டீ குடிக்கிறபோது போட்டோவைக் கூட்டாளிகளிடம் காட்டினேன். ‘நம்ம ஊர்லயும் பழைய மீட்டர்கேஜ் கட்டடம் எதையாவது இப்படிப் பண்ணலாம்ப்பா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவ வச்சே ஓட்டிரலாம்’ என்றார் ஒருவர். இன்னொருவர் கொல்லம் மெயிலைப் பற்றி, கரி எஞ்சினைப் பற்றி, ‘அந்தக் காலத்து ஸ்டேஷன் சாப்பாடு’ பற்றி உருக ஆரம்பித்துவிட்டார். பழசை நினைத்து உருகுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். அந்தச் சாப்பாட்டு அறைக்குள்ளே உட்கார்ந்தவர்களின் பேரன்மார் உருகலாம். நாம் எதை நினைத்து உருக?

ரயிலடியை ஓட்டலாக்குவது நம் நாட்டுக்குப் புதுசு இல்லை. ரயிலடிக்குள்ளே ஓட்டல் தொடக்கத்திலிருந்தே உண்டு. அதில் பலகைகளும் உண்டு. வெள்ளைக்காரனுக்குத் தனி அறை. நம்மவர்களுக்குள் பிராமணருக்கு ஒரு இடம், இதராளுக்கு ஒரு இடம். வடக்கே தண்ணீருக்கே மதம் இருந்தது. பிளாட்பாரத்தில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று கூவிக் கொடுத்தார்கள். டிக்கெட் விற்கிறபோது கம்பெனி சாதி கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யாரும் யாரையும் இடித்துக்கொண்டுதான் போனார்கள். வண்டி நின்று வயிறு பசிக்கிற இடத்தில்தான் சாதி இறங்கி நின்றது. பலகையிலே நம்ம பேர் கிடையாது. ‘இதராள்’ என்பதில் நாம் சேர்த்தியா இல்லையா என்பதை அங்கே பரிமாறுகிறவன் முடிவு பண்ணினான்.

1901-ல் சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் மசூர் ரயிலடியில் இறங்கி நின்ற கதையை அவரே எழுதிவைத்திருக்கிறார். கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். வருகிற சேதி அப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை. நல்ல உடுப்பைப் பார்த்து பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்த ஸ்டேஷன் மாஸ்டர் பிரியமாக விசாரித்தார். மகர் என்று சொன்னதும் முகம் மாறிப் போய்விட்டார். வண்டிக்காரர்கள் ஏற்ற மாட்டேன் என்றார்கள். கடைசியில் ரெட்டைக் கூலி கொடுத்து, மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வந்தான். இதில் என்னை விட்டுப் போகாதது சாப்பாட்டுக் கூடைதான். கட்டிக்கொடுத்த சாப்பாடு கூடை நிறைய இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லை. தண்ணீர் இல்லாமல் சாப்பிட முடியாமல் ராப்பட்டினி கிடந்தார்கள். ரயிலில் ஏறி வந்த பிள்ளைகள்!

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை வந்தது 1927-ல். தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர்கேஜ். அதற்கு மூன்று வருசம் முன்னால், 1924-ல்தான் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் நமக்கும் உண்டு என்று அரசாங்கத்தைச் சொல்ல வைத்திருந்தார். சாலையில் நடக்கத் தீர்மானம் வேண்டியிருந்த காலத்தில் தண்டவாளத்தில் நடக்க நமக்குத் தடை இல்லை. ஏனென்றால் வேலை இருந்தது. ஜல்லி குத்த, ஸ்லீப்பர் கட்டை தூக்க, வெயிலில் போல்ட்டு முடுக்க.

என் அம்மாச்சியின் அப்பா கேங்மேன். அம்மாச்சிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ‘லைன் ஓரமாவே நடந்து போயி அய்யாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு வருவேன். வேல மரத்து நெழல்ல ஒக்காந்து குடிப்பாரு’ என்று சொல்லும். மாசத்துக்கு ஒருதரம் பெரிய ஜங்சன் ஒன்றுக்குப் போக வேண்டிய வேலை வருமாம். அன்றைக்கு இடுப்பு வேட்டியில் ஒரு அலுமினிய டம்ளரைச் செருகிக்கொண்டு போவாராம். காண்டீனுக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல். டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றால் உள்ளே இருந்து காபியை ஊற்றுவார்கள். இது 1950-ஐ ஒட்டி நடந்தது.

இங்கேதான் நாம் வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பெரியாரும் நீதிக்கட்சியும் ஓயாமல் போராடி, 1941-ல் ரயில்வே உணவு விடுதிகளில் பிராமணர், இதராள் என்ற பிரிவினை எடுக்கப்பட்டது. பெரிய வெற்றிதான், மறுப்பதற்கில்லை. அதற்கும் முன்னால் 1938-லேயே எம்.சி. ராஜா கொண்டுவந்து சிவில் தடைகள் நீக்கச் சட்டம் நிறைவேறியிருந்தது. 1950-ல் வந்த அரசியல் சட்டம் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது; 15-ஆம் பிரிவில் கடை, பொது உணவகம், ஓட்டல் என்று பேர் சொல்லியே தடையை நீக்கியது. இத்தனைக்குப் பிறகும் என் பாட்டனார் பின் ஜன்னலில்தான் நின்றிருக்கிறார். போர்டு போய்விட்டது, ஜன்னல் போகவில்லை. போர்டு போனதைக் கொண்டாடி எழுதினவர்கள் உண்டு. பின்பக்கம் போய்ப் பார்த்து எழுதினவர்கள் குறைச்சல். ரயிலடிக்கு வெளியே ஊர் டீக்கடைகளில் தனி டம்ளர் எவ்வளவு காலம் தொங்கியது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992-ல் வந்த ‘கருக்கு’வில், பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போன பெரியவரைக் காட்டினாரே, அந்தக் கயிறும் இந்த ஜன்னலும் ஒன்றுதான்.

2004-ல் எங்கள் பக்கம் மீட்டர்கேஜ் போய் அகலப் பாதையில் வண்டி ஓட ஆரம்பித்தது. 2020-ல் ஆசன்சோலில் பழைய பெட்டிகளைச் சாப்பாட்டுக் கடையாக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகு பல ஊர்களில் ரயில் பெட்டி உணவகம் வந்துவிட்டது. நம்ம ஊருக்கும் நாளைக்கு வரலாம். வரட்டும், நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் யார் நடத்தப் போகிறார்கள்? ரயில்வேயின் சின்னச் சின்ன ஸ்டால்களில் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஒதுக்கீடு உண்டு. இந்த மாதிரிப் பெரிய கடைகள் டெண்டரில் அதிகம் கேட்டவருக்குப் போகின்றன. பாதையைக் கையால் தூக்கிவைத்தவன் வாரிசு கல்லாவில் உட்காருவானா, இல்லை மறுபடியும் பின்பக்கம் பாத்திரம் கழுவத்தான் போவானா? சுவரில் கரி எஞ்சின் படம் மாட்டுவார்கள், வெள்ளைக்காரத் துரை படம் மாட்டுவார்கள். ‘பிராமணர்’, ‘இதராள்’ என்று எழுதின அந்தப் பலகையையும், அது எந்த வருசம் இறங்கியது என்பதையும் மாட்டுவார்களா? கேட்டு வைக்கிறேன்.

போட்டோவை அம்மாச்சியிடமும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது. அப்புறம் அவனுக்குப் போன் போடச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை, லீவு. எடுத்தான்.

‘ஏய்யா, அங்க உள்ளயே ஒக்காரவச்சுக் குடுத்தாகளா?’

‘ஆமா அம்மாச்சி. நாற்காலி போட்டு.’

‘குடிச்ச டம்ளர நீ கழுவி வச்சியா?’

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. ‘அதெல்லாம் அவங்களே கழுவிக்கிறாங்க அம்மாச்சி’ என்றான். ‘சரி, சரி’ என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டது.