சணல் நாரும் மின்காந்த அலையும்

கண்டனூர், காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துடன் முட்டை வெண்கரு கலந்து தேய்த்து மெருகேற்றிய சுவர்களைக் காணலாம். சாய்வாகப் பார்த்தால் எதிரேயுள்ள தூணின் உரு அதில் தெரியும். மேற்பரப்பின் மேடுபள்ளம் மிகவும் குறைந்துவிட்டதே காரணம். தன் அலைநீளத்தை விட மிக நுண்ணிய அமைப்பை அலை தனித்தனியே அறிவதில்லை; சராசரியாகவே அறிகிறது.

இவ்வுண்மையைப் பயன்படுத்திப் பொருளின் பண்பையே மாற்றலாமா? கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இக்கேள்வியைத் தொட்டவர் ஜகதீச சந்திர போஸ்.

1888-இல் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளின் விலகலைக் காட்ட அரை டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள கீல் பட்டகம் செய்ய வேண்டியிருந்தது. அவ்வளவு நீண்ட அலைகள் அவை! போஸ் 5 முதல் 25 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். ஆய்வகம் ஒரு மேசைக்குள் அடங்கிற்று. கந்தகத்தின் விலகல் எண் 1.73 எனக் கண்டார். கண்ணாடிக்குக் கிடைத்ததோ 2.04, கண்ணொளிக்கு அது 1.5 அளவே. ஒரே கண்ணாடி, அலைக்கு அலை வேறு பொருளாக நடந்துகொள்கிறது.

1897-இல் இரு பட்டகங்களுக்கிடையே காற்றிடைவெளி விட்டுச் சோதித்தார். முழு அக எதிரொளிப்பு நிகழ வேண்டிய கோணத்திலும், இடைவெளியைக் குறைத்தால் அலை மறுபுறம் கசிந்தது. ஒளியில் இதைக் காண மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளி வேண்டும். போஸுக்கு மில்லிமீட்டர்களே போதுமாயின.

ஆனால் என் கருத்தில், 1898-இல் செய்த சோதனையே தலையாயது. சணல் நாரை முறுக்கிக் கட்டுகளாக்கி அலையின் பாதையில் வைத்தார். தளவிளைவுற்ற அலையின் தளம் திரும்பிற்று! வலமுறுக்குக்கு ஒரு பக்கம், இடமுறுக்குக்கு எதிர்ப்பக்கம். சர்க்கரைக் கரைசல் ஒளித்தளத்தைத் திருப்புவது போலவேதான். சணலின் வேதியியலுக்கு இதில் பங்கில்லை, முறுக்கே காரணம்.

இதே வழியில் பிற்காலத்தார் வெகுதூரம் சென்றனர். மின், காந்த ஏற்புத்திறன்கள் இரண்டும் எதிர்க்குறி பெற்றால் விலகல் எண்ணும் எதிர்க்குறியாகும் என்று ருஷ்ய அறிஞர் வெசலாகோ 1967-இல் கணித்தார். அப்படியானால் எல்லையில் கதிர் செங்குத்துக்கோட்டின் மறுபுறம் செல்லாமல், வந்த புறமே வளையும். இயற்கையில் அத்தகைய பொருள் அகப்படவில்லை. 2001-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் செம்பு வளையங்களையும் கம்பிகளையும் அடுக்கிய பட்டகத்தில் இது மெய்ப்பிக்கப்பட்டது. அங்குப் பயன்பட்ட அலையும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். போஸின் அலைகளுக்கு நெருங்கிய உறவு!

போஸ் எதிர்க்குறி விலகலைக் கண்டார் என்று சொல்வது மிகை. எனினும், முறுக்கமைப்பைக் கொண்டே அதைப் பெறலாம் என்று பெண்ட்ரி 2004-இல் காட்டியபோது, சணற்கட்டுக்கு வயது 106.