சான்சிபாரின் கல்வீடுகள்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை அடுத்துள்ள சான்சிபார்த் தீவின் பழைய நகருக்குக் 'கல் நகரம்' என்று பெயர். பெயரை நம்பிக் கருங்கல்லைத் தேடுவோர் ஏமாறுவர். அங்குள்ள சுவர்கள் பவளப்பாறைத் துண்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து எழுப்பியவை. அச்சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு எடுத்ததே.

ஓமானிய சுல்தான் சையது சயீது, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மஸ்கட்டிலிருந்து தம் அரசிருக்கையை இங்கு மாற்றினார். கிராம்பும் தந்தமும் ஈட்டிய செல்வம் மாடி வீடுகளாக உயர்ந்தது. 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தையின் பணமும் இச்சுவர்களில் கலந்திருக்கிறது. மாளிகைகளின் அழகைப் புகழ்வோர் இதனையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

அரபியரும் குஜராத்தி வணிகரும் கட்டிய இவ்வீடுகளின் வாயில்களில் செதுக்கு வேலை மிகுந்த கதவுகளைக் காணலாம். சிலவற்றில் பித்தளைக் குமிழ்கள் வரிசையாக நிற்கும். தெருவோரத் திண்ணையை அங்குள்ளோர் 'பராசா' என்பர். உள்ளே சென்றால் ஒரு வியப்பு: எத்துணைப் பெரிய வீடாயினும் அறைகள் நீண்டு ஒடுங்கியே இருக்கும். தளத்தைத் தாங்குபவை கண்டல் மரக் கழிகள். அவை ஏறத்தாழ 3 மீட்டர் அகலத்திற்குமேல் பாரம் தாங்கா. செல்வத்தால் அறையை நீட்ட முடிந்தது, அகலமாக்க முடியவில்லை.

அவ்வரம்பை மீறி எழுந்தது, சுல்தான் பர்காஷ் 1883இல் இரும்புத் தூண்கள் நிறுத்திக் கட்டிய 'வியப்பு மாளிகை'. 1896இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் குண்டு பொழிந்தபோது அருகிருந்த அரண்மனை அழிந்தது, இது தப்பியது.

பீரங்கியினும் கொடிய பகை மழைநீரே. கூரை ஒழுகினால் சாந்து கரையும். சுவரில் பதிந்த கழிமுனை உளுத்துத் தளம் இறங்கும். பிணைப்பிழந்த சுவர் வெளியே சாயும். ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசிக் காத்த உரிமையாளர் பலர் 1964 புரட்சிக்குப்பின் தீவை விட்டு நீங்கினர். வீடுகள் பல அரசுடைமையாயின. ஒரு வீட்டில் பல குடும்பங்கள் குடியேறின. குடியிருக்க இடம் கிடைத்தது ஏழைகளுக்குப் பெரும் பேறுதான். கூரையைச் செப்பனிடும் பொறுப்புதான் எவருக்கும் உரியதாகாமற் போயிற்று. பின்னர்ச் சிலர் சிமெண்டு பூசினர். அது ஈரத்தை வெளியேற விடாது சுவருக்குள்ளேயே அடைத்தது.

2000இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2020 டிசம்பர் 25 அன்று, செப்பனிடும் பணி நடந்துகொண்டிருந்த வியப்பு மாளிகையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பணியாளர் இருவர் இறந்தனர்.