வசம்பு: பிள்ளை மருந்தும் ஏட்டுக் காப்பும்

முன்னைத் தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்து, இன்று திருவாரூர் மாவட்டத்துள் அடங்கும் திருத்துறைப்பூண்டியில் கோயில் கொண்டுள்ள இறைவர்க்குப் பிறவி மருந்தீசர் என்பது பெயர். பிறவியைப் பிணியெனவும் இறையருளை மருந்தெனவும் கொண்ட கருத்து இப்பெயர்க்கண் அமைந்துள்ளது. இவ்வூரை உள்ளிட்ட காவிரிப் படுகையின் இல்லங்களில் மகவுக்கு உரைத்துக் கொடுக்கப்பெற்ற மருந்துகளுள் வசம்பு ஒன்று. அதன் வழக்காற்றையும் தீங்கின்மையையும் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வசம்பு ஈர நிலத்தில் வளர்வது. வேர் என வழங்கப்பெறினும், மருந்தாவது மண்ணுள் படரும் அதன் தண்டேயாகும். மலையாளத்தார் இதனை வயம்பு என்பர். வடமொழியில் இது வசா எனப்படும். அச்சொல் பேசுதற்பொருள் தரும் அடியோடு இயைபுடையது. பேச்சுத் திருந்தக் குழந்தையின் நாவில் இதனைத் தடவும் வழக்கம் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. தமிழ்நாட்டு மக்களோ இதனைப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும், ‘பேர் சொல்லா மருந்து’ என்றும் வழங்கினர். பேச்சைத் தருவதாகக் கருதப்பெற்ற பொருளின் பெயரையே இரவிற் சொல்லாது விலக்கினமை, மக்கள் அதன்பால் அன்பொடு அச்சமும் கொண்டிருந்தமையைப் புலப்படுத்தும்.

வயிற்றுப் பொருமலால் அழும் குழந்தையை அமைதிப்படுத்த, வசம்பை விளக்குச் சுடரிற் சுட்டுக் கரியாக்கி, கல்லில் ஓரிரு முறை உரைத்துக் கொடுத்தனர். சுடுதலும் அளவு குறைத்தலும் இம்முறையின் இன்றியமையாக் கூறுகள். சுடுங்கால் ஆவியாகும் எண்ணெயின் பெரும்பகுதி நீங்கும். பச்சையாக மிகுதியும் உண்ணின் இது வாந்தி உண்டாக்கும் என்பதைப் பண்டை மருத்துவரும் அறிந்திருந்தனர்.

தமிழாய்வாளர்க்கு வசம்பு பிறிதொரு வகையானும் அறிமுகமானது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரால் வளம்பெற்ற சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றின் பொடியொடு கற்பூரம் சேர்த்து முடிந்து, சுவடிகளிடையே வைத்துப் பூச்சிகளைத் தடுத்தனர். ஏட்டைக் காத்த ஆற்றலும் மகவுக்கு ஐயம் தரும் ஆற்றலும் ஒரே பொருளினின்று எழுவன என்பதே இங்கு முதன்மையாக உணரற்பாலது. வசம்பெண்ணெயில் உள்ள பீட்டா அசரோன் பூச்சிகளின் இனப்பெருக்கத்தைத் தடுப்பது. இந்திய வசம்பெண்ணெயை உணவிற் கலந்து எலிகட்கு அளித்தபொழுது குடலிற் புற்றுக்கட்டிகள் தோன்றியமை 1967-இல் வெளியாயிற்று. 1968-இல் அமெரிக்க அரசு வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவிற் சேர்த்தலைத் தடை செய்தது.

வசம்பு யாண்டும் ஒரு தன்மைத்தன்று. வட அமெரிக்காவின் இருமடிக் குரோமோசோம் வகையில் பீட்டா அசரோன் இல்லை. ஆசியாவின் நான்மடி வகையில் அது மிகுதி. ஆகவே, ஆண்டு தீங்கற்றது எனக் கூறப்பெறும் கூற்றை நம் நாட்டு வசம்புக்கு ஏற்றியுரைத்தல் பொருந்தாது.

எலியிற் கண்டது மகவுக்கும் அவ்வாறே நிகழும் எனத் துணிதற்கில்லை. நெடுங்கால வழக்கு ஒன்றே தீங்கின்மைக்குச் சான்றாகும் என்றலும் இயலாது. உடனே தோன்றும் வாந்தியைத் தாயர் கண்டு அளவைக் குறைத்தனர். பன்னாட் கழித்துத் தோன்றும் நோயைக் கண்டறிதற்குரிய கருவி அவர்களிடம் இல்லை. எனவே, சுடுதலையும் அளவையும் விடுத்து, பொடியாகவும் எண்ணெயாகவும் வசம்பைக் குழந்தைகட்குப் புகட்டுதல் மரபைப் போற்றுதலாகாது. மருத்துவர் ஆய்ந்து கூறாதவழி அதனை உள்ளே கொடாதிருத்தலே தக்கது. ஏட்டுக் காப்பாக அது ஆற்றும் பணிக்கு இதனால் இழுக்கொன்றும் இல்லை.