வாங்காத பொருளுக்கு கிரெடிட் கார்டில் பில் வந்தால் யார் கட்டணும்? ரிசர்வ் வங்கி விதிகள் சொல்வது என்ன?

கார்டு பர்ஸிலேயே இருக்கும். ஆனால் எங்கோ, எதையோ வாங்கியதாக போனுக்கு மெசேஜ் வரும். அந்தப் பணத்தை கார்டுதாரர்தான் கட்டணுமா? பல நேரங்களில் தேவையில்லை. ஆனால் எத்தனை நாளில் புகார் செய்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பணம் பறிபோனால்...

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை இதற்கு கணக்கு வைத்திருக்கிறது.

* வங்கியின் தவறு என்றால்: கார்டுதாரருக்கு இழப்பே கிடையாது.
* வங்கி, வாடிக்கையாளர் இருவர் மீதும் தவறில்லை என்றால்: மெசேஜ் வந்த நாளை விட்டுவிட்டு, 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் ஒரு ரூபாய்கூட கட்ட வேண்டாம்.
* 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால்: கார்டு லிமிட் 5 லட்சம் வரை இருந்தால் அதிகபட்சம் ரூ.10,000, அதற்கு மேல் இருந்தால் ரூ.25,000 பொறுப்பு. பறிபோனது இதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை மட்டும்.
* 7 நாள் தாண்டினால்: அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும்.

ஓடிபியை யாரிடமாவது சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் கார்டுதாரர் தலையில்தான். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

கேட்காமலே கார்டு வந்தால்...

2022 ஜூலை 1 முதல் அமலான விதிகள்படி, கேட்காத கார்டை அனுப்பவே கூடாது. சம்மதம் இல்லாமல் ஆக்டிவேட் செய்து பில் போட்டால், அந்தக் கட்டணத்தை ரத்து செய்வதோடு, அதைப்போல 2 மடங்கு அபராதமும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

வேண்டாம் என்று கார்டை குளோஸ் செய்யச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் முடிக்கணும். இழுத்தடித்தால் நாளுக்கு ரூ.500 வாடிக்கையாளருக்கு அபராதம். ஆனால் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது.

லேட் ஃபீ எப்போது?

கடைசி தேதி தாண்டி 3 நாட்களுக்கு மேல் ஆனால்தான் லேட் ஃபீ போடலாம். அதையும் மொத்த பில்லுக்குப் போட முடியாது, கட்டாமல் விட்ட தொகைக்கு மட்டும்தான்.

வட்டிக்கு உச்சவரம்பு உண்டா?

இங்கேதான் கவனம் தேவை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. அதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் மினிமம் தொகையை மட்டும் கட்டி வருபவர்களுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இப்போது இல்லை. மீதித் தொகைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

எங்கே புகார் செய்வது?

முதலில் கார்டு தந்த வங்கியிடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதிலில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே புகார் செய்யலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

சந்தேகமான மெசேஜ் வந்தால் முதல் வேலை, கார்டை பிளாக் செய்வதுதான். 3 நாள் கணக்கு அப்போதே ஓடத் தொடங்கிவிடும்.